அழிப்பு: செண்பகவல்லி

நான் நன்றாகச் செய்த வேலை எதையும் நீங்கள் பார்த்திருக்க முடியாது. பார்த்திருந்தால் அதை நான் நன்றாகச் செய்யவில்லை என்று அர்த்தம்.

பத்தொன்பது வருடமாக சாலிகிராமத்தில் படங்களைத் துடைக்கிறேன். கதாநாயகன் மாடி விட்டு மாடி தாவும்போது அவன் இடுப்பில் கட்டிய கம்பி, ராஜா காலத்துப் போர்க்களத்தின் ஓரமாக டீ கிளாஸோடு நடந்துபோகும் லைட்மேன், கிராமத்துச் சண்டைக்குப் பின்னால் வானத்தில் ஊர்ந்துபோகும் விமானம், எல்லாம் என் மேசைக்கு வந்தால் காணாமல் போய்விடும். கம்பி போனால் மட்டும் போதாது, கம்பியின் நிழலும் போக வேண்டும். டீ கிளாஸ் யாரோ ஒரு போர்வீரனின் கவசத்தில் பளிச்சிட்டிருந்தால் அந்தப் பளிச்சும் போக வேண்டும். நிழல் துடைப்பதில் என்னை அடித்துக்கொள்ள இந்தச் சென்னையில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஸ்டூடியோவில் துடைக்க வேண்டிய எதற்கும் ஒரே பெயர்தான், குப்பை. விமானம் வந்தாலும் குப்பை, பசுமாடு வந்தாலும் குப்பை. முதல் போட்ட தயாரிப்பாளரே ஷாட்டுக்குள் வந்து நின்றாலும் அவரும் குப்பைதான். ஒருமுறை இம்மானுவேல் ஒரு தயாரிப்பாளரின் முகத்துக்கு நேராகவே, "அண்ணாச்சி, நாலாவது ஷாட்ல நீங்கதான் குப்பை" என்று சொல்லிவிட்டான். அவரைச் சமாதானப்படுத்த எனக்கு அரை நாள் ஆனது.

இம்மானுவேல் தூத்துக்குடிக்காரன். மென்பொருள் எழுதுகிறவன். என்னைவிட எட்டு வயது சின்னவன், திமிரில் எனக்குச் சமம். நாங்கள் இருவரும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'துடை'. நான் கையால் துடைத்த பத்தொன்பது வருட வேலையையும் அதற்குக் காட்டிக் காட்டிப் பழக்கினோம். நகரும் பொருள் ஒவ்வொன்றின் மேலும் அதுவே ஒரு பெயரை ஒட்டிக்கொள்ளும், அந்தப் பொருள் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போகும். குப்பை என்று பெயர் ஒட்டியதை மட்டும் எடுத்துவிடும்.

ஆரம்பத்தில் ஒரு சிக்கல் வந்தது. எங்கள் ஸ்டூடியோவில் ஏழு பேர், ஏழு பேரும் பெயரை ஏழு விதமாக அடிப்பார்கள். குப்பை, குப்ப, குப்பய, குப்பைய எடு, குப்பையோகுப்பை. துடை மலைத்துப்போய் நின்றுவிடும்.

"எலே, 'குப்ப'ன்னு ஆரம்பிச்சா எல்லாத்தையும் தூக்கிரச் சொல்லு" என்றேன்.

இம்மானுவேல் ஒரே ஒரு வரி எழுதினான். அன்றிலிருந்து துடை எங்கும் நின்றதில்லை.

இன்னொரு பழக்கத்தையும் அதற்குச் சொல்லிக் கொடுத்தோம். படம் வெளியாகிறவரை குப்பையை வெளியே கொட்டக் கூடாது. இயக்குநர் கடைசி நாளில் வந்து நின்று, "அந்தப் பசு இருந்தாதான் நல்லா இருந்துச்சு, திருப்பி வெச்சிருங்களேன்" என்பார். அதனால் வெட்டி எடுத்த ஒவ்வொன்றையும் தேதி, நேரத்தோடு ஓரிடத்தில் போட்டு வைப்போம். அதற்குப் பெயர் தொட்டி.

போன வருடம் கரைமேடு நகராட்சியிலிருந்து தணிகைவேல் என்ற நகர்நல அலுவலர் எங்களைத் தேடி வந்தார். கரைமேடு கடற்கரை ஓரத்து ஊர், ரயிலில் இரண்டரை மணி நேரம். அவருக்கு ஒரே ஆசை, மாநிலத்தின் சுத்தமான ஊர் என்ற பரிசு. ஊரெல்லாம் கேமரா வைத்திருந்தார். போட்டி நடுவர்கள் தங்கள் இடத்தில் இருந்தபடியே எந்தத் தெருவையும் நேரலையில் பார்க்கலாம். பேருந்து நிலையத்திலும் வீட்டுச் சுவர் உயரத்துக்கு ஒரு திரை.

"பெரிய தொல்லை என்னன்னா மேடம், காத்துல பறக்குற பிளாஸ்டிக் பை. நாங்க பிடிக்கப் போறதுக்குள்ள நடுவர் பாத்துடறார்" என்றார். "உங்க துடை எப்படி அதை எடுக்குது?"

"நீங்க பஸ்ஸுல போறீங்க சார். வெளியே ஒரு ஆள் நடந்து போறான். அவனுக்குப் பின்னாடி இருக்கிற சுவர் உங்களுக்குத் தெரியலை. அவன் ரெண்டு எட்டு நகர்ந்ததும் தெரியுது. இல்லையா?"

"ஆமா."

"அவன் நகர்ந்தப்போ தெரிஞ்ச சுவரை எடுத்து, அவன் மறைச்ச இடத்துல துடை ஒட்டிரும். படம் ஒரு மூச்சு விடுற நேரம் பிந்தி வரும், அவ்வளவுதான்."

"எது பை, எது ஆளுன்னு அதுக்குத் தெரியுமா?"

"எல்லாத்துக்கும் அதுவே பேர் ஒட்டும் சார். உங்க ஊழியர்களோட முகத்தையும் பேரையும் குடுத்தீங்கன்னா அவங்க பேரையே ஒட்டும்" என்றான் இம்மானுவேல்.

தணிகைவேல் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "அப்போ வருகைப் பதிவையே அதுல எடுத்துக்கலாமே! எந்தத் தெருவுல யார் வேலை பாத்தாங்க, எந்த பஸ் ஸ்டாப்புல எத்தனை பேர் நிக்கிறாங்க, எல்லாம் வந்துடுமா?"

"ஸ்டாப் பேரைப் போட்டு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணியே குடுத்துரும்" என்றேன். அவர் கேட்கக் கேட்க எனக்குத் தலையில் கொம்பு முளைத்துக்கொண்டிருந்தது.

நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். அந்தப் பெரிய திரையின் மூலையில் என் பெயர் வர வேண்டும். சினிமாவில் என் பெயர், ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடுகிற நேரத்தில், முந்நூறு பெயர்களோடு சேர்ந்து ஓடும். ஒருநாளாவது நின்று நிதானமாக என் பெயர் தெரியட்டும் என்று இருந்தது. திறப்பு விழா அன்று பொன்னாடை போர்த்தினார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். அழிப்பு: செண்பகவல்லி. படம் எடுத்துக் கோவில்பட்டிக்கு அம்மாவுக்கு அனுப்பினேன்.

அம்மா உடனே கூப்பிட்டாள். "அழிப்புன்னா என்னட்டி? நல்ல சோலிதானா?"

"நல்ல சோலிதாம்மா" என்றேன்.

நான்கு மாதம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி இருக்கும். ஸ்டூடியோ வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது. புடவைக்கு மேல் துப்புரவுப் பணியாளர்களின் பச்சைக் கோட்டு, கையில் தூக்குச் சட்டி.

"இங்க அழிப்பு செண்பகவல்லி யாரு?"

என் பெயரைத் திரையில் படித்துவிட்டுத் தேடி வந்த முதல் ஆள். எனக்கு ஜிவ்வென்று ஏறியது. தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போய் நின்றேன். "நான்தாம்மா, சொல்லுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னை எதுக்கும்மா அழிச்ச?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்தோம். அவர் டீயைத் தொடவில்லை, சொல்ல ஆரம்பித்தார்.

"பதினோரு வருசமா கரமேட்டுல மேட்டுத் தெரு கூட்டிகினு கீறேன். ஒப்பந்தத்துல. இந்த வருசம் நிரந்தரம் பண்றாங்கோ, லிஸ்ட்டுல என் பேரும் இருந்துச்சி. இப்ப இன்னான்னா, மூணு மாசமா நானு வேலைக்கே வரலயாம். கேமராவுல நானு இல்லயாம். அட்டையை வாங்கி வெச்சிகினாங்கோ. வெள்ளிக்கெழமயோட பேரை எடுத்துடுவாங்களாம்."

"உங்க மேஸ்திரி சொல்லலையா?" என்று கேட்டான் இம்மானுவேல்.

"சொன்னாரு. கேமரா பொய் சொல்லுமா, நீதான் சொல்றன்னு அவருக்கே மெமோ குடுத்துட்டாங்கோ."

"தெரு சுத்தமா இருக்கே, யாரு கூட்டினதுன்னு கேக்க வேண்டியதுதானே?"

"கேக்காம இருப்பனா? ஆபீசரு படத்தைப் போட்டே காட்டுனாரு. ஆறு மணிக்குத் தெரு முச்சூடும் எலையும் காயிதமுமா கெடக்குது. ஏழு மணிக்கு ஒண்ணுத்தயும் காணோம். நடுவுல ஒரு ஈ காக்கா இல்ல. காத்துல போயிருக்கும்ன்றாரு. மேட்டுத் தெருவுல குப்ப நிக்கிறதே இல்ல, அங்க ஆளே தேவயில்லன்னு எழுதியும் வெச்சிட்டாரு." அவருக்குக் குரல் உயர்ந்தது. "பதினோரு வருசம் நானு குனிஞ்சி எடுத்தது காத்தாம்மா?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மா மேல் இல்லை. என் துடை தப்புச் செய்திருக்கும் என்று ஒருவர் சொல்வதா என்ற கோபம். "துடை குப்பையைத்தாம்மா எடுக்கும். ஆளை எடுக்காது. மத்தவங்க தெரியிறாங்கல்ல?"

"எல்லாரும் தெரியிறாங்கோ. நானு மட்டும் இல்ல."

"அப்ப நீங்களே பாருங்க." ஸ்டூடியோ கேமராவைத் திருப்பி, துடையை ஓடவிட்டு, அவரை ஒருமுறை எழுந்து உட்காரச் சொன்னேன். திரையில் அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கையில் டீ கிளாஸ். பக்கத்தில் 'ஆள் 1' என்று எழுத்து. "பாத்தீங்களா? அச்சுமாதிரி தெரியிறீங்க. கோளாறு அவங்க கேமராவுலதான்."

அவர் திரையைப் பார்த்து, முதல் முறையாக ஒரு வாய் டீ குடித்தார். "தெரியிறனே" என்றார் மெதுவாக.

"அக்கா, அங்கே பேரோட ஏத்திருப்பாங்க. அதையும் பாத்துருவோம்" என்றான் இம்மானுவேல். விசைப்பலகையை இழுத்துக்கொண்டு கேட்டான். "உங்க பேர் என்னம்மா?"

"குப்பம்மா. கார்டுல குப்பம்மாள்னு இருக்கும்."

அவன் விரல்கள் அடித்து முடித்தன. திரையில் நாற்காலி மட்டும் இருந்தது.

அவர் இல்லை. கையில் இருந்த டீ கிளாஸ் இல்லை. சுவரில் விழுந்த நிழல் இல்லை. நாற்காலியின் முதுகும், அதில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரும் அப்படியே இருந்தன. முதலில் எனக்குத் தோன்றியது, என்ன சுத்தமான வேலை என்பதுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் தோன்றியது. அப்புறம்தான் நாற்காலியில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"குப்ப..." என்றான் இம்மானுவேல்.

"நான் சொல்லித்தானே எழுதின" என்றேன்.

குப்பம்மாள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் அந்த ஒரு வரியைப் பற்றிச் சொன்னோம். பெயரின் முதல் மூன்று எழுத்து, அதுதான் காரணம் என்று சொன்னோம். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார்.

"எங்கம்மாவுக்கு எனக்கு முந்தி மூணு பொறந்து மூணும் தங்கல. நானு பொறந்ததும் குப்பமேட்டுல போட்டுப் பொரட்டி எடுத்து இந்தப் பேரை வெச்சாங்கோ. குப்பன்னா எமன் கண்ணுக்குப் படாது, வேணாம்னு வுட்டுட்டுப் பூடுவான்னு. அவனை ஏமாத்துன பேரும்மா இது. உங்க மிசினும் ஏமாந்துடுச்சி பாரு."

நான் அப்போதே தணிகைவேலைத் தொலைபேசியில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தை நான் சொல்லிப் பத்தொன்பது வருடம் இருக்கும். அவர் பெரிதாக மூச்சு விட்டார்.

"இவ்வளவுதானா மேடம்? ரொம்ப சிம்பிள். அந்தம்மாவைப் பேரை மாத்திக்கச் சொல்லுங்க. குமுதா, குணான்னு ஏதாவது வெச்சுக்கட்டும். நான் புதுசா சேத்துக்கறேன்."

குப்பம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார். போனை என் கையிலிருந்து வாங்கினார். "ஆபீசரே, இந்தப் பேராலதான் நானு உசுரோட கீறேன். இந்தப் பேருலதான் பதினோரு வருசம் கூட்டினேன். உங்க மிசினுக்கு ஒத்துக்கலன்னா மிசினு பேரை மாத்திக்கோங்க." போனை என்னிடம் நீட்டினார். "புதுசா சேக்கறதுன்னா மொதல்ல இருந்துதானேம்மா? அப்ப நிரந்தரம் பூடுமில்ல?"

"போயிடும்" என்றேன்.

"அப்ப நானு வந்தேன்னு காட்டு. நீதான அழிச்ச, நீயே காட்டு."

நகராட்சியில் துடைத்த படம் மட்டும்தான் இருந்தது, கேமராவின் அசல் படத்தைச் சேமிக்கவில்லை. ஆனால் எங்கள் தொட்டி இருந்தது. துடையோடு சேர்ந்து அதுவும் கரைமேட்டுக்குப் போயிருந்தது, யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. நகராட்சியே கேட்டால்தான் திறக்கலாம். அன்று மாலைக்குள் தணிகைவேலின் அனுமதியை நச்சரித்து வாங்கினேன்.

புதனும் வியாழனும் மேட்டுத் தெரு கேமராவின் தொட்டிக்குள் கிடந்தோம். பறக்கும் பைகள், உருளும் தேங்காய் மட்டைகள், அப்புறம் குப்பம்மாள். தெருவில்லை, வீடில்லை, மரமில்லை. கரிய திரையில் அவர் மட்டும் குனிந்து பெருக்குகிறார். தள்ளுவண்டியைத் தள்ளுகிறார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிறார், யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அந்த யாரோ படத்தில் இல்லை. என் துடை அவருடைய விளக்குமாற்றின் ஒவ்வொரு ஈர்க்கையும் ஒழுங்காக வெட்டியிருந்தது. அந்த ஊரில் வேறு யாரையும் இவ்வளவு கவனமாக யாரும் படம் பிடித்ததில்லை. தொழில்காரியாக எனக்கு மார்பு விம்மியது. கண்ணும் நிறைந்தது, இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குப்பம்மாளோடு தணிகைவேலின் அறையில் இருந்தோம். நான் படத்தைப் போட்டுக் காட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கிப்போனது.

"தப்பாயிடுச்சும்மா" என்றார். "தொண்ணூத்தி நாலு நாளும் வந்ததா இப்பவே எழுதிடறேன். நிரந்தரப் பட்டியல்லயும் பேர் இருக்கும். இதோட முடிச்சுக்கலாம்."

"தொண்ணூத்தி ஒண்ணு" என்றார் குப்பம்மாள்.

"என்னது?"

"மூணு நாளு நானு வரல. மருமவளுக்குப் புள்ள பொறந்திச்சி. செய்யாத வேலைய என் பேருல எழுதாதீங்கோ சார்."

நான் சட்டென்று இம்மானுவேலைப் பார்த்தேன். தொட்டியில் நாங்கள் எண்ணியதும் தொண்ணூற்றொன்றுதான். தணிகைவேல் அடித்துத் திருத்தி எழுதினார்.

"இன்னொண்ணு" என்றார் குப்பம்மாள். "நானு வேலைக்கு வராம சம்பளம் வாங்குறவன்னு ஊரே பேசுச்சி. ஊரு பாத்த திரையிலயே நானு கூட்டினதயும் ஊரு பாக்கணும்."

தணிகைவேல் பதறிப்போனார். "திங்கக்கிழமை கடைசிச் சுற்று. இப்போ போய் நேரலையில ஆளையே அழிச்சிருக்கோம்னு காட்டினா பரிசு போயிடும். மேடம், நீங்களாவது சொல்லுங்க. உங்க பேரும்தான் கெட்டுப் போகும்."

அவர் சொன்னது சரிதான். என் பெயர்தான் அங்கே வீட்டுச் சுவர் உயரத்தில் இருந்தது. கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட பெயர்.

"சார், என் பேருக்குப் பக்கத்துல பொய் ஓடிக்கிட்டிருக்கு. அதைவிட அது எப்படிக் கெடும்?" என்றேன். "துடையில பிழை வந்தா திருத்துறது என் பொறுப்புன்னு ஒப்பந்தத்துல இருக்கு. யாரையும் கேக்க வேண்டாம்னும் இருக்கு. இம்மானு, அந்த வரியை எடு. 'குப்ப'ன்னு ஆரம்பிச்சதால தூக்கினது எல்லாத்தையும் திருப்பி வை."

"எல்லாத்தையுமா? பைக்கெல்லாம் சரியா 'குப்பை'ன்னே பேர் இருக்கும், அது வராது. மிச்சம் அத்தனையும் வந்துரும்."

"வரட்டும். மிச்சம் இவங்க மட்டும்தானே" என்றேன். மற்ற கேமராக்களின் தொட்டியை நாங்கள் பார்த்திருக்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பத்து மணிக்குப் பேருந்து நிலையம் நிறைந்திருந்தது. திரையில் மேட்டுத் தெரு. முதலில் நடுவர்கள் பார்த்த படம் ஓடியது, இலைகள் தாமாக ஒதுங்குகிற தெரு. அடுத்து அதே காலை, அதே தெரு, குப்பம்மாளோடு. விளக்குமாறு ஒரு வீச்சு வீசியதும் கூட்டத்தில் ஒருவர், "அட, நம்ம குப்பம்மா!" என்று கத்தினார். மேஸ்திரி பெஞ்சு மேல் ஏறிக் கைதட்டினார். தொண்ணூற்றொரு காலைகளும் வேகமாக ஓடின. மழையில் தலையில் பாலித்தீன் பையோடு குப்பம்மாள், பொங்கலுக்கு மறுநாள் கரும்புச் சக்கைக் குவியலுக்கு நடுவில் குப்பம்மாள். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்று அவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு என் பெருமையெல்லாம் சின்னதாகிவிட்டது.

படம் அத்தோடு முடியும் என்று நினைத்தேன். முடியவில்லை. துடை அடுத்த கேமராவுக்குப் போனது.

ஒரு பேருந்து நிறுத்தம். காலியான சிமெண்டு பெஞ்சு, பின்னால் கடல். கீழே மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி, நேரம் காலை ஐந்து நாற்பது. பெஞ்சில் ஒரு பெண் வந்தாள், மடியில் மீன் கூடை. பக்கத்தில் இன்னொருத்தி. பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள், ஊன்றுகோலோடு ஒருவர், ஆஸ்பத்திரிச் சீட்டைக் கையில் பிடித்த கர்ப்பிணி. காலியாக இருந்த நிறுத்தத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகத் தோன்றிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் துடை ஒட்டிய பெயர். குப்பம் நிறுத்தம் பயணி 1. குப்பம் நிறுத்தம் பயணி 2. நாற்பதைத் தாண்டியும் போனது.

குப்பம். அந்தக் கடலோரத்து மீனவர் குடியிருப்பின் பெயரே அதுதான். நிறுத்தத்தின் பெயரும் அதுதான். குப்பம்மாள் குடியிருப்பதும் அங்கேதான்.

தணிகைவேல் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். குப்பத்து நிறுத்தத்தில் ஒருவர்கூட நிற்பதில்லை என்று ஐந்து நாற்பது பேருந்தை நிறுத்தச் சொன்ன கடிதத்தில் இருந்தது அவர் கையெழுத்துதான். கேமரா எண்ணிச் சொன்னது, அவர் நம்பினார்.

"அது அஞ்சலை. அது நம்ம ராயப்பன் பொண்ணு" என்று ஆள் காட்டிக்கொண்டே வந்த குப்பம்மாள் என் பக்கம் திரும்பினார். "பஸ்ஸு நின்னதுல இருந்து நாங்க அத்தினி பேரும் நாலு மைலு நடக்கறோம். அன்னிக்கு உன்னைப் பாக்க வந்தப்பகூட ஸ்டேசன் வரைக்கும் நடந்துதான் வந்தேன். அதுவும் நீதானா?"

"ஆமாம்மா. அதுவும் நான்தான்."

"இத்தினி பேரும் இல்லன்னு ஒருத்தரும் கேக்கலயே" என்றார் அவர். பதிவேட்டில் பெயர் இருந்ததால் குப்பம்மாள் காணவில்லை என்று தெரிந்தது. இவர்களை எந்தப் பதிவேட்டில் தேடுவது?

அன்று பகலே திரையின் மூலையிலிருந்து என் பெயரைத் துடைத்தேன். அதையும் சுத்தமாகத்தான் துடைத்தேன்.

போட்டி என்ன ஆனது என்று கேட்பீர்கள். கரைமேடு பதினேழாவது இடத்துக்குப் போனது. தணிகைவேல் நடுவர்களுக்கு எல்லாவற்றையும் தானே எழுதி அனுப்பிவிட்டார், அந்த மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். குப்பம்மாளுக்கு நிரந்தர ஆணை வந்தது. பேருந்தும் திரும்ப வந்தது. முதல் நாள் காலை, திருத்திய துடையை நகராட்சி சோதித்துக் காட்டச் சொல்லியிருந்தது. நாங்கள் ஸ்டூடியோவில் நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஐந்தரை மணிக்குப் போன் அடித்தது. திரையில் குப்பம்மாள் நிறுத்தத்தில் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்தார்.

"தெரியிறனா?"

"தெரியிறீங்கம்மா."

"உன் பேரைக் காணோமே திரையில? நானு என் பேரை எடுத்தனா? நீ மட்டும் ஏன் எடுத்த? திருப்பிப் போடு. திருப்பி வெச்சது நீன்னு சேத்துப் போடு."

"சரிம்மா" என்றேன். மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டிருக்கக் கூடாது.

"என் பின்னால கீறவங்கோ?"

"எல்லாரும் தெரியிறாங்க."

"எண்ணிச் சொல்லு."

துடையின் எண்ணை நம்பாமல் நானும் இம்மானுவேலும் விரல்விட்டு எண்ணினோம். "நாப்பத்தி மூணு."

"ஒண்ணு கொறையுது. என்னைச் சேக்காம நாப்பத்தி நாலு பேரு கீறாங்கோ."

இம்மானுவேல் மறுபடி எண்ணினான். நாற்பத்து மூன்றுதான். மறுபடியும் எங்கே தப்பு விட்டோம் என்று தொட்டியைத் திறந்தேன்.

குப்பம்மாள் பின்னால் திரும்பி, "ஏ, புள்ளயைக் காட்டுடி" என்று அதட்டினார். அவர் மருமகள் சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த முந்தானையை விலக்கினாள். உள்ளே ஒரு கைக்குழந்தை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொட்டாவி விட்டது. உடனே துடை அதன் தலைக்கு மேல் எழுதியது. குப்பம் நிறுத்தம் பயணி 44.

"இப்ப சரியாச்சு" என்றேன்.

"பயணின்னா போடுது? அதுக்குப் பேரு வெச்சாச்சி. பேரைப் போடு."

"சொல்லுங்க."

"குப்பம்மா. என் பேருதான். மருமவ மொதல்ல மொகத்தைத் தூக்கி வெச்சிகினா. அன்னிக்குத் திரையில என்னைப் பாத்துட்டு வந்து அவளேதான் இந்தப் பேருன்னுட்டா."

இம்மானுவேல் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினான். "அக்கா, நீங்களே போடுங்க."

திருத்தியாயிற்று, நூறு தடவை சோதித்தாயிற்று, எனக்குத் தெரியும். ஆனாலும் குப்பம்மாள் என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். கடைசி எழுத்தை அடித்துவிட்டு திரையைப் பார்த்தேன்.

"இன்னாம்மா, தெரியிதா?" என்றார் போனில்.

குழந்தை அங்கேயே இருந்தது. மறுபடியும் கொட்டாவி விட்டது.